‘மீட்டர் கீழே போயிருக்கு’ – மின் பொறியாளர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பகுதி மின் பகிர்மானத்துக்குப் பொறுப்பான பொறியாளர் அவர்களுக்கு,

என் வீட்டு மொட்டைமாடியில் ஆறு சோலார் பேனல்கள் நிற்கின்றன. 2025 பிப்ரவரி 22-ம் தேதி மாட்டியவை. இன்று அக்டோபர் 10. இத்தனை நாளில் அவற்றிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம்கூட எடுக்க முடியவில்லை. பேனல் நன்றாக இருக்கிறது. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் நன்றாக இருக்கிறது. எர்த்திங்கை நானே அளந்து பார்த்துவிட்டேன். வீட்டுக்குள் வரும் யூனிட்டையும் வீட்டிலிருந்து போகும் யூனிட்டையும் தனித்தனியாக எண்ணுகிற ஒரு மீட்டரை மாட்டி, ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது உங்கள் ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இந்த மடலில் எந்த அலுவலகத்தின் பெயரும், எந்த அதிகாரியின் பெயரும் இருக்காது. பெயர் சொன்னால் நாளைக்கே ஒரு உதவிப் பொறியாளருக்கு மெமோ போகும், அவர் மாற்றலாகிப் போவார், அடுத்து வருகிறவரிடம் நான் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அப்படிச் சொல்லியாகிவிட்டது. விண்ணப்ப எண், இணைப்பு எண் எல்லாம் நான் தனியாகக் கொடுத்த மனுக்களில் இருக்கின்றன. நான்கு மனுக்கள். நான்குக்கும் பதில் இல்லை.

நான் கோத்தகிரி பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 31 வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். இலை வாட்டும் காற்றாடி, ரோலர், டிரையர் என்று ராத்திரி பகலாக மோட்டார்களோடு இருந்த உடம்பு. ஃபேஸ் எது, நியூட்ரல் எது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ‘டெக்னிக்கல் காரணம், உங்களுக்குப் புரியாது’ என்று கவுன்டரில் மூன்று முறை கேட்டுவிட்டேன், அதனால் சொல்கிறேன்.

நடந்ததைத் தேதியோடு சொல்லிவிடுகிறேன்.

ஜனவரி 20-ம் தேதி பிரதமரின் சூர்ய கர் திட்டத்தின் இணையதளத்தில் 3 கிலோவாட்டுக்குப் பதிவு செய்தேன். ஒரு கோடி வீடுகளின் மாடியில் சோலார் என்று 2024 பிப்ரவரியில் 75,021 கோடி ரூபாய் ஒதுக்கி அறிவித்தார்களே, அந்தத் திட்டம்தான். முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் வீதமும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம். ஆக 78,000 ரூபாய். பதிவு செய்ததும் அனுமதி தானாகவே வந்துவிட்டது. அட, பரவாயில்லையே என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் பிரிவு அலுவலகத்துக்குப் போனால், டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா என்று பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மருக்கு அடியில்தான் நான் தினமும் பஸ்ஸுக்கு நிற்கிறேன். அதிலிருந்து கரண்ட் வாங்கும் வீடுகளில் சோலார் போடுவது நான் ஒருவன்தான். அதைச் சொன்னதும் பேச்சு வேறு பக்கம் போயிற்று. உங்கள் அனுமதிக்கப்பட்ட மின்பளு (வீட்டுக்கு இழுக்கலாம் என்று பதிவான அளவு) 2 கிலோவாட், நீங்கள் போடுவது 3, முதலில் மின்பளுவைக் கூட்ட மனுப் போடுங்கள், பணம் கட்டுங்கள் என்றார்கள். போட்டேன், கட்டினேன். 23 நாள் ஆனது.

பேனல் மாட்டும் ஆட்கள் கோயம்புத்தூரிலிருந்து வந்தார்கள். இரண்டே நாளில் முடித்துவிட்டார்கள். எவ்வளவு சாய்க்கலாம் என்று அந்தப் பையன் கேட்டான். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரைக்குப் போய் அங்கே இருக்கிற ரேடியோ தொலைநோக்கியைப் பார்த்துவிட்டு வா என்றேன். 1970-ல் போட்டது, 530 மீட்டர் நீளம், 11 டிகிரி சரிவுள்ள மலைச்சரிவாகத் தேடிப் பிடித்து வடக்கு தெற்காக அமைத்திருக்கிறார்கள். நம் ஊர் அட்சரேகையும் 11 டிகிரிதான். வானத்தைப் பார்க்கிறவர்களுக்குச் சரியாக இருக்கிற சாய்மானம் என் மாடிக்கும் போதும். பையன் சிரித்துக்கொண்டே 11 வைத்தான். மேற்குப் பக்கம் பக்கத்துத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் நிழல் விழும். மரத்தில் கை வைக்க முடியாது. மலைப் பகுதி மரங்களுக்கென்று 1955-லேயே சட்டம் இருக்கிறது, அது இருக்கவும் வேண்டும். அதனால் பேனல்களைக் கிழக்கே தள்ளிப் போட்டுக்கொண்டோம். மலையில் வாழ்கிறவன் மலைக்குத் தகுந்தாற்போல வளைந்துகொள்வான், அதில் எனக்கு வருத்தமில்லை.

மார்ச் 3-ம் தேதி பணி முடிந்த சான்றிதழையும் போட்டோக்களையும் ஏற்றினோம். மார்ச் 11-ல் திரும்பி வந்தது. போட்டோ தெளிவாக இல்லையாம். அன்றைக்குக் காலையில் மூடுபனி, நான் பேனலுக்குப் பக்கத்தில் நின்றது எனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். வெயில் வந்ததும் வேறு எடுத்து மார்ச் 13-ல் ஏற்றினோம். அதை ஏற்றுக்கொண்டதாக மெசேஜ் வந்தது. என் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான்.

ஏப்ரலில் மீட்டர் ஸ்டாக் இல்லை என்றார்கள். மே மாதம், வேண்டுமானால் நீங்களே வாங்கித் தரலாம், பட்டியலில் இருக்கும் கம்பெனி மீட்டராக இருக்க வேண்டும் என்றார்கள். மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கி, மே 19-ம் தேதி கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதைச் சோதித்து சீல் வைக்க வேண்டும், சோதனை செய்யும் இடம் சமவெளியில் இருக்கிறது. சரி, சோதிக்கத்தான் வேண்டும். எங்கள் ஃபேக்டரியிலும் சோதிக்காத மீட்டரை நான் மாட்டவிட்டதில்லை.

அப்புறம் ஆரம்பித்ததுதான் அந்த வாக்கியம். ஜூன் மாதம் போய்க் கேட்டேன்: ‘மீட்டர் கீழே போயிருக்கு.’ ஜூலையில் இரண்டு முறை கேட்டேன்: ‘கீழே போயிருக்குங்க, வந்ததும் போன் பண்றோம்.’ நாங்கள் மலைக்காரர்கள். பிரசவத்துக்குக் கீழே போவோம், ஸ்கேனுக்குக் கீழே போவோம், பிள்ளைகளைக் காலேஜில் சேர்க்கக் கீழே போவோம். வேலை முடிந்ததும் திரும்பியும் வந்துவிடுவோம். ஒரு கையில் அடங்கும் மீட்டர் கீழே போய்த் திரும்பி வர 87 நாள் ஆகியிருக்கிறது. ஆகஸ்ட் 14-ம் தேதி வந்து சேர்ந்தது. அதற்குள் பழைய அதிகாரி மாற்றலாகிவிட்டார். புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டிவிட்டு, சோலாருக்காக உங்கள் அலுவலகத்தோடு போட்ட ஒப்பந்தப் பத்திரம் முந்தைய அதிகாரி பெயரில் இருக்கிறது, புதிய பத்திரம் வாங்கி வாருங்கள் என்றார். வாங்கிக் கொடுத்தேன். செப்டம்பர் முழுக்க ஆய்வுக்கு ஆள் இல்லை. கடைசியாகப் போன வாரம் கேட்டபோது கிடைத்த பதில்: ‘வடகிழக்கு மழை வரப்போகுது, அது முடியட்டும் பார்க்கலாம்.’

அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

விதி என்ன சொல்கிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கவுன்டரில் தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன். மின் நுகர்வோர் உரிமைகள் விதிகள் 2020 டிசம்பரில் வந்தன. 2024 பிப்ரவரியில் அவற்றைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தின்படி 10 கிலோவாட் வரையிலான வீட்டுச் சோலாருக்குச் சாத்தியக்கூறு ஆய்வே தேவையில்லை. விண்ணப்பித்தாலே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. மின்பளுவைக் கூட்ட வேண்டியிருந்தால் அதை விநியோகிப்பவரே செய்துகொள்ள வேண்டும். அதாவது என்னை டிரான்ஸ்ஃபார்மர் காட்டி நிறுத்தியதும், தனி மனுப் போட வைத்து 23 நாள் அலையவிட்டதும் தேவையே இல்லாதவை. பணி முடிந்த சான்றிதழ் கொடுத்த பிறகு ஒப்பந்தம், மீட்டர், இயக்கிவைத்தல் எல்லாவற்றையும் முடிக்க முன்பு 30 நாள் இருந்தது. அதை 15 நாளாகக் குறைத்தார்கள்.

மலைப் பகுதிக்கு விதிவிலக்கு உண்டு என்று ஒருவர் சொன்னார். தேடிப் படித்தேன். உண்டுதான். புதிய இணைப்புக்கும், இருக்கிற இணைப்பில் செய்யும் மாற்றத்துக்கும், மலைப்பாங்கான கிராமங்களில் 30 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். சோலார் இயக்கிவைப்பதற்கு அந்தச் சலுகை கிடையாது. சரி, சண்டை வேண்டாம், அதையே இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாள். எனக்கு இன்றோடு 211 நாள்.

மலையைக் காரணமாகச் சொல்வதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. ‘பனியும் மழையுமா இருக்கிற ஊர்ல உங்களுக்கு எதுக்குங்க சோலார்?’ என்று ஒரு ஊழியர் சிரித்துக்கொண்டே கேட்டார். நல்ல மனிதர், கிண்டலாகக் கேட்கவில்லை. அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழையில் நனைவது போலக் கோத்தகிரி நனைவதில்லை. நடுவில் தொட்டபெட்டா மலைத்தொடர் நிற்கிறது. எங்களுக்குப் பெரிய மழை அக்டோபர், நவம்பரில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். அந்த மாதங்களில் இங்கே பேனல் கீழே இருப்பதைவிட நன்றாக வேலை செய்யும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலில் இருக்கும் செல்லின் சூட்டை 25 டிகிரியில் வைத்துத்தான் அதன் திறனை அளக்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தியில் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். சித்திரை வெயிலில் சமவெளி மாடியில் பேனல் 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும். இங்கே குளிர்ந்த காற்று தடவிக்கொண்டே இருக்கும். மழை மாதங்களில் குறையும், மறுக்கவில்லை. வருடக் கணக்கில் பார்த்தால் கட்டுபடியாகும் என்று கணக்குப் போட்டுத்தான் இறங்கினேன்.

இன்னொன்றையும் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். கீழே ஒரு வீட்டில் பகல் முழுக்க ஃபேன் ஓடும், சிலர் ஏ.சி.யும் போடுவார்கள். வெயில் அடிக்கிற நேரத்திலேயே கரண்டும் செலவாகும். எங்கள் வீட்டில் ஃபேனே கிடையாது. எங்கள் செலவெல்லாம் காலை ஆறு மணிக்கு கீசர், ராத்திரி ஏழு மணிக்கு மறுபடி கீசர், மார்கழி தையில் என் மாமியாருக்காக ஒரு ரூம் ஹீட்டர். வெயில் இருக்கும்போது செலவு இல்லை, செலவு இருக்கும்போது வெயில் இல்லை. பகலில் உங்கள் லைனுக்குக் கொடுத்துவிட்டு, விடிகாலையில் அதே யூனிட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஏற்பாடு இருந்தால்தான் மலைவாசிக்குச் சோலாரால் பலன். அந்த ஏற்பாட்டுக்குப் பெயர்தான் நெட் மீட்டர். கீழே இருப்பவனுக்கு நெட் மீட்டர் தாமதமானால் லாபம் குறைகிறது. எங்களுக்கு மொத்தமும் நின்றுபோகிறது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொத்தச் செலவு 2,00,000. கையிலிருந்து 20,000 போட்டு, 1,80,000 பேங்க் லோன். ஏப்ரலிலிருந்து மாதம் 2,070 ரூபாய் தவணை. ஏழு தவணைக்கு 14,490. இதே காலத்தில் வந்த மூன்று கரண்ட் பில்லும் சேர்த்து 7,300-க்கு மேல். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணம் எப்படி எகிறும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் மூன்று முறையும் தாண்டினோம். அதைத் தாண்டாமல் இருக்கத்தான் சோலாரே போட்டது. மானியம் 78,000 மீட்டர் மாட்டி இயக்கிவைத்த அறிக்கை ஏறிய பிறகுதான் வரும். மீட்டர் இல்லையென்றால் அதுவும் இல்லை. அது வந்ததும் லோனில் கட்டி அசலைக் குறைக்கலாம் என்று இருந்தேன். இன்வெர்ட்டருக்கு வாரண்டி பில் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு நாள்கூட ஆன் செய்யாமலேயே. விதிப்படி மார்ச் 28-ல் இயக்கிவைத்திருந்தால், பனி மழையெல்லாம் கழித்து நாளுக்கு 9 யூனிட் என்று குறைத்துப் போட்டாலும், இதுவரை 1,700 யூனிட்டுக்கு மேல் வந்திருக்கும். அந்த 1,700 யூனிட் எனக்கு மட்டும் நஷ்டமா? கோடையில் வெளியிலிருந்து மின்சாரம் வாங்க வேண்டியிருக்கிறது என்று சொல்வது யார்?

என் பேனல்களை இதுவரை முறையாக ஆய்வு செய்தவை குரங்குகள் மட்டும்தான். வாரம் இரண்டு முறை வந்து, ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்து, கேபிளைக் கடித்துச் சோதித்துவிட்டுப் போகின்றன. கேபிளை பைப்புக்குள் விட்டு மூடியிருக்கிறேன்.

என் ஒருவன் கதை என்றால் பொறுத்துப் போயிருப்பேன். எங்கள் ஊரிலும் கீழ் ஹட்டி கிராமத்திலுமாக, என் வீட்டையும் சேர்த்து எனக்குத் தெரிந்தே நான்கு வீடுகள் இப்படிக் காத்திருக்கின்றன. ஒரு அம்மா தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறவர். இணைப்பு இறந்துபோன கணவர் பெயரில் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு ஒரு மனு, மின்பளுவுக்கு ஒரு மனு, சோலாருக்கு ஒரு மனு என்று மூன்று கோப்புகள். ஒன்று நகர்ந்தால்தான் இன்னொன்று நகரும். பேனல் மாட்டிய கம்பெனிக்காரன் மீதிப் பணத்துக்கு அவரை நெருக்குகிறான்.

இன்னொரு வீட்டில் நடந்ததுதான் உங்களைத் தூங்கவிடக் கூடாதது. ஐந்து மாதம் பார்த்துவிட்டு, அந்த வீட்டுத் தம்பி பொறுமை இழந்து தானே இன்வெர்ட்டரை ஆன் செய்துவிட்டான். பழைய மீட்டர்தான். இரண்டு மாதம் கழித்து பில் வந்தது, முன்பைவிட அதிகமாக! பதறிப்போய் என்னிடம் ஓடி வந்தான். அந்த ரக மீட்டருக்கு உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒன்றுதான். எந்தப் பக்கம் ஓடினாலும் கூட்டித்தான் காட்டும். அவன் உங்களுக்கு இலவசமாகக் கரண்ட் கொடுத்து, அதற்குப் பணமும் கட்டியிருக்கிறான். அதையாவது விடுங்கள். லைனில் வேலை நடக்கும்போது வீட்டுப் பக்கத்திலிருந்து கரண்ட் ஏறினால் கம்பத்தில் இருப்பவர் கதி என்ன? லைனில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அது சரியாக நிற்கிறதா என்று பார்க்கத்தானே உங்கள் ஆய்வு? ஆய்வுக்கு ஆள் அனுப்பாமல் மாதக் கணக்கில் இழுத்தால் ஜனங்கள் ஆய்வு இல்லாமலே ஆன் செய்வார்கள். அந்தத் தம்பியைத் திட்டி ஆஃப் செய்ய வைத்தது நான். உங்கள் அலுவலகத்துக்கு இது தெரியாது.

(கரண்ட் போனாலும் சோலார் இருந்தால் வீட்டில் லைட் எரியும் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பேட்டரி இல்லாத சோலாரில் எரியாது. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. உங்கள் அலுவலகத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டினாலே பல பேர் தப்பிப்பார்கள்.)

லைன்மேன்கள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியபோது, மண் சரிந்து மரம் விழுந்து கிடந்த ரோட்டில் கம்பியையும் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனவர்கள் அவர்கள். காட்டெருமை நிற்கிற தேயிலைத் தோட்டத்துக்குள் ராத்திரி டார்ச்சோடு ஃபியூஸ் போடப் போகிறவர்கள். அவர்களால் அந்த மழையில் மூன்று நாளில் லைனை எடுத்து நிறுத்த முடிகிறது. ஒரு மீட்டரை மேலே கொண்டுவர முடியாதது அவர்கள் தவறில்லை. மேசையில் இருக்கிறது கோளாறு. டூரிஸ்ட் ஒருவர் காரில் ஊட்டிக்கு வர வேண்டுமென்றால், 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும். போனில் ஒரு நிமிடத்தில் கிடைக்கிறது. மலையில் எதையும் வேகமாகச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த இ-பாஸ்தான் ஞாபகம் வருகிறது.

என் அப்பா குந்தா திட்டத்து வேலைக்காக மலை ஏறி வந்தவர். கனடா நாட்டு உதவியோடு அணையும் சுரங்கமும் வெட்டிக்கொண்டிருந்த காலம். கல் சுமந்தார், அப்புறம் சுரங்க வேலை. காது பாதி போய்விட்டது. அவர் வெட்டிய வழியில் இறங்கும் தண்ணீர்தான் இன்றைக்கும் கெத்தையிலும் பரளியிலும் டர்பைன் சுற்றுகிறது. அதற்கும் முன்னால் 1932-லேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அங்கே மில்கள் பெருகியது அந்தக் கரண்டில்தான். அதற்கும் முன்னால் காட்டேரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து அருவங்காட்டு வெடிமருந்து ஆலையை ஓட்டினார்கள். தொண்ணூறு வருடத்துக்கு மேலாக மின்சாரம் இந்த மலையிலிருந்து கீழே போய்க்கொண்டிருக்கிறது. தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றுதான் அப்பாவுடையது. அதற்குக் கரண்ட் வந்தது எனக்குப் பத்து வயது ஆனபோது. அதுவரை சிம்னி விளக்குதான். அப்போதும் யாரோ ‘வரும், வரும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்பா எதுவும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.

என் இணைப்புக்கு எந்தத் தேதியில் ஆய்வு, எந்தத் தேதியில் மீட்டர் என்று எழுத்தில் சொல்லுங்கள். ‘விரைவில்’ என்று எழுதி அனுப்ப வேண்டாம். மழை முடியட்டும் என்பது காரணம் என்றால், எந்த விதியில் மழை வருகிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கடைசி ஒரு வாரமாகக் காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை இங்கே நல்ல வெயில்.

நிலுவையில் இருக்கும் எல்லாச் சோலார் விண்ணப்பங்களையும் ஒவ்வொரு பிரிவு அலுவலகத்து நோட்டீஸ் போர்டிலும் ஒட்டச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், விண்ணப்ப எண், சான்றிதழ் கொடுத்த தேதி, இப்போது எந்த நிலையில் நிற்கிறது, அவ்வளவு போதும். மாதம் ஒருமுறை புதுப்பித்தால், நாங்கள் பஸ் ஏறி வந்து உங்கள் ஊழியர்களின் நேரத்தைக் கெடுக்க மாட்டோம். நான் மட்டுமே 17 முறை வந்திருக்கிறேன்.

மீட்டர் கீழே போய் வரும் பழக்கத்தை நிறுத்துங்கள். சோதித்து சீல் வைத்த மீட்டர்கள் ஒரு இருபதாவது எப்போதும் மலையில் ஸ்டாக் இருக்கட்டும். அது முடியாதென்றால் சோதனைக் குழு மாதத்தில் இரண்டு நாள் கருவியோடு மேலே வரட்டும். எத்தனை பேருக்கு என்று மலைத்துப்போக வேண்டாம். காத்திருப்பவர்கள் கூட்டம் கூட்டமாக இல்லை, ஒரு ஜீப் ஒரே நாளில் ஐந்தாறு வீட்டை முடித்துவிடும்.

10 கிலோவாட்டுக்குக் கீழே டிரான்ஸ்ஃபார்மர் காரணம் சொல்லக் கூடாது, மின்பளுவுக்கென்று தனியாக அலையவிடக் கூடாது என்று பிரிவு அலுவலகங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்புங்கள். தமிழில் அனுப்புங்கள், கவுன்டரில் இருப்பவரும் படிக்கட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது பதவி. ஆள் மாறினால் பத்திரம் மாற வேண்டியதில்லை என்பதையும் அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அந்தத் தையல்கார அம்மாவைப் போலப் பெயர் மாற்றத்தில் சிக்கியவர்களுக்கு மூன்று மனுவையும் ஒரே நாளில், ஒரே மேசையில் முடிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்தது இழப்பீடு. மின்சாரச் சட்டம் 2003-ன் 57-வது பிரிவு, சேவைக்கென்று வகுத்த செயல்தரத்தைக் காப்பாற்றாத மின் விநியோகஸ்தர் நுகர்வோருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. மார்ச் 28-க்குப் பிறகான ஒவ்வொரு நாளுக்கும் எனக்கு உரியதைக் கணக்கிட்டு, வரும் பில்லில் கழித்துக்கொள்ளுங்கள். எனக்கு உரியது எதுவும் இல்லை என்பது உங்கள் முடிவானால் அதையும் காரணத்தோடு எழுதிக் கொடுங்கள். அந்தத் தாள் எனக்குத் தேவைப்படும்.

இதற்கான பதிலுக்கு 15 நாள் காத்திருப்பேன், அக்டோபர் 25 வரை. அதற்குப் பிறகு மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் மனுக் கொடுப்பேன். அங்கும் தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளரிடம் போவேன். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் என்னோடு வரச் சம்மதித்திருக்கிறார்கள்.

ஆய்வுக்கு வருகிறவர் முதல் நாளே ஒரு போன் செய்தால் போதும். மாடிக்குப் படி கிடையாது. ஏணியை எடுத்துச் சாத்தி வைக்கிறேன், அடியில் பிடித்துக்கொள்ளவும் நான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபேக்டரி எலக்ட்ரீஷியன்,
கோத்தகிரி பக்கம், நீலகிரி.
10.10.2025